கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது கம்பெனி மாறலாமா?

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை. கிரீன் கார்டு வேலையும் ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு. இந்த நேரம் பார்த்து இன்னொரு கம்பெனி வருஷத்துக்கு 15,000 டாலர் கூடுதலா தர்றோம்னு கூப்பிடுது. போகலாமா?

நண்பர்கள்கிட்ட கேட்டா ரெண்டு பதில் வரும். "போனா கிரீன் கார்டு போச்சு"ன்னு ஒருத்தர் சொல்வார். "ஐ-140தான் இருக்கே, தைரியமா போ"ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டுமே பாதிதான் உண்மை. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்க்கும் முன்னாடி ரெண்டு கணக்கைப் பாருங்க: எச்-1பியில் உங்களுக்கு இது எத்தனையாவது வருஷம்? ஐ-140 அப்ரூவ் ஆகி எத்தனை நாள் ஆச்சு?

கம்பெனி முதலில் பெர்ம் போடும். அடுத்து ஐ-140. கடைசியில் நீங்க ஐ-485. பெர்ம் போட்ட நாள்தான் உங்க பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் உங்க டோக்கன். வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான். அதிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வரம்பு. இந்தியாவில் பிறந்தவங்க வருஷக்கணக்கா நிற்பது இதனால்தான். அதனால அந்த டோக்கன் ஒரு சொத்து மாதிரி.

ஐ-140 அப்ரூவ் ஆயிட்டா, மோசடி மாதிரியான காரணத்துக்காக அரசே ரத்து செய்தால் தவிர, அந்தத் தேதி உங்களோடதான் இருக்கும். புது கம்பெனி பெர்மையும் ஐ-140யையும் முதலிலிருந்து போடணும். ஆனா பழைய தேதி கூடவே வரும்.

அப்போ 180 நாள்னு எல்லாரும் சொல்றது எதுக்கு? எச்-1பிக்கு மொத்தம் 6 வருஷம்தான். ஐ-140 அப்ரூவ் ஆகி, உங்க தேதி இன்னும் வராம இருந்தா, அதுக்கு மேலயும் 3 வருஷம் 3 வருஷமா நீட்டிக்கலாம். அப்ரூவ் ஆகி 180 நாளுக்குள் பழைய கம்பெனி ஐ-140யை வாபஸ் வாங்கினா, தேதி மிஞ்சும், நீட்டிக்கிற உரிமை போயிடும். வீட்டில் ஒருத்தர் அதே ஐ-140யை வச்சு எச்-4 ஈஏடியில் வேலை பார்த்தா, அந்தச் சம்பளத்துக்கும் ஆபத்து. 180 நாள் தாண்டின பிறகு அவங்க வாபஸ் வாங்கினாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. 150வது நாளில் ஆஃபர் வந்தா, ஜாய்னிங் தேதியை ஒரு மாசம் தள்ளிக் கேளுங்க. பெரும்பாலும் கொடுப்பாங்க.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது, ஐ-140 இல்லாம 5வது வருஷத்தில் இருக்கிறவங்க. 6 வருஷம் முடிய 365 நாள் இருக்கும்போதே புது கம்பெனி பெர்ம் போட்டாகணும். அதுக்கு முன்னாடி சம்பள நிர்ணயம், விளம்பரம்னே பல மாசம் ஓடிடும். "சேர்ந்து ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிப்போம்"னு எச்.ஆர். சொன்னா, என் கணக்குல அந்த ஆஃபரை விட்டுடலாம். முதல் வாரமே பெர்ம் தொடங்குவோம்னு எழுத்தில் வாங்குங்க. ஊருக்கு லீவில் போன நாட்களை அந்த 6 வருஷத்தோட சேர்த்துக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியறதில்லை. பாஸ்போர்ட் முத்திரைகளை எடுத்து எண்ணிப் பாருங்க.

ஐ-485 போட்டு 180 நாள் ஆனவங்க பாடு சுலபம். ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்து, அதே மாதிரியான வேலையா இருந்தா புது பெர்மே வேண்டாம், சப்ளிமெண்ட் ஜே படிவம் போதும்.

மாறுவதில் ஒரு லாபமும் இருக்கு. ஸ்பான்சர் செய்யும் கம்பெனியிலேயே சேர்த்த அனுபவத்தைப் பொதுவா பெர்மில் காட்ட முடியாது. வெளியே வந்தா அதே அனுபவம் கணக்கில் வரும். டிகிரியோட 5 வருஷ அனுபவம் சேர்ந்து இ.பி-3யிலிருந்து இ.பி-2க்குப் போக வழி பிறக்கலாம், பழைய தேதியோட.

இப்போ பணம். ஒரு உதாரணம்: 401கேயில் கம்பெனி போட்ட பங்கில் இன்னும் வெஸ்ட் ஆகாதது 6,000 டாலர். ரெண்டு மாசத்தில் வர வேண்டிய போனஸ் 9,000. முதல் வருஷ ஹைக் அப்படியே காலி. பழைய கம்பெனி கொடுத்த ஜாய்னிங் போனஸைத் திருப்பித் தரணுமான்னும் பாருங்க. ஆனா பெர்முக்கு ஆன வக்கீல் ஃபீஸை உங்ககிட்ட வசூலிக்க சட்டத்தில் இடமில்லை. கேட்டா பயந்து கட்டிடாதீங்க.

2025 செப்டம்பரில் அறிவிச்ச 1 லட்சம் டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள்ளேயே ஸ்டேட்டஸ் சரியா இருந்து கம்பெனி மாறுறவங்களுக்கு இல்லைன்னு அக்டோபரில் யூ.எஸ்.சி.ஐ.எஸ். விளக்கம் கொடுத்தது. இருந்தாலும் மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்ப வேண்டாம்.

மனு போட்டதுமே புது இடத்தில் சேர சட்டம் அனுமதிக்குது. ஆனா பிறகு அது நிராகரிக்கப்பட்டா ரெண்டு வேலையும் இருக்காது. பிரீமியம் பிராசஸிங்கில் 15 வேலை நாளில் பதில் வந்துடும். புது கம்பெனியை அதில் போடச் சொல்லி, அப்ரூவல் வந்த பிறகு ராஜினாமா கொடுங்க. போன இடத்தில் வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஐ-94 அதுக்குள் முடிஞ்சா அதுவும் குறையும். அதனால ஆறு மாச வீட்டுச் செலவு சேவிங்ஸில் இல்லாதவங்க இந்த மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

கடைசி நாளுக்கு முன்னாடி ஐ-140 அப்ரூவல் நகல் கேளுங்க. தரலைன்னா ரசீது எண்ணாவது வாங்கிக்கோங்க. என்ன வேலை செஞ்சீங்கன்னு விவரமா எழுதின அனுபவக் கடிதமும் வேணும், புது பெர்முக்கு அது இல்லாம முடியாது. சந்தேகம்னா 30 நிமிஷத்துக்குக் காசு கொடுத்து உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பாருங்க. எச்.ஆர். அறிமுகப்படுத்துற வக்கீல் பெரும்பாலும் கம்பெனி பக்கம் நின்னுதான் பேசுவார்.