பழைய ஜீன்ஸில் ஒரு புதிய பை

பழவேற்காடு என்றதும் ஏரியும் இறாலும் பூநாரைகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வூரின் பெயர் ஒரு காலத்தில் துணியின் பெயராகவும் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த டச்சு வணிகர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை அமைத்தனர். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளை இங்கிருந்து கப்பலேற்றி, தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்குப் பண்டமாற்றுச் செய்தனர். வண்ணக் கட்டமிட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்றே பெயர் ஏற்பட்டது.

அக்காலத்தில் துணிகளுக்கு நீல நிறம் தந்தது அவுரிச் செடி. இன்று நம் வீட்டுக் கொடியில் காயும் ஜீன்ஸின் நீலமும் அதே வேதிப்பொருள்தான். ஒரே ஒரு வேறுபாடு, 1897 முதல் அது ஆலைகளில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது.

அந்த ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? ஏரிக்கரைக் கிராமங்களில் மீனுக்கும் அரிசிக்கும் உறுதியான பை அன்றாடத் தேவை. பிளாஸ்டிக் பையோ காற்றில் பறந்து ஏரியில் விழுந்தால் மட்காது, வலையிலும் சிக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. பழைய ஜீன்ஸ் நல்ல பையாகும். ஆனால் கத்தரியை எடுக்குமுன் துணியைப் 'படிக்க' வேண்டும்.

நீலமும் வெள்ளையும்

ஜீன்ஸின் ஓரத்தில் சில நூல்களை உருவிப் பாருங்கள். நெடுக்காக ஓடும் பாவு நூல் நீலம். குறுக்காக ஓடும் ஊடை நூல் வெள்ளை. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைவதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரண நெசவில் ஒவ்வொரு நூலும் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என மாறிமாறிச் செல்லும். ஜீன்ஸில் பெரும்பாலும் பாவு நூல் மூன்று ஊடை நூல்களின் மேலும் ஒன்றின் கீழும் செல்கிறது. ஆகவே வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் தெரிகிறது. சாய்வான வரிகளும் இதனால்தான்.

இந்நெசவில் நூல்களுக்குச் சற்றே நகர இடமுண்டு. கிழிக்க முயன்றால் பல நூல்கள் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும், ஒவ்வொன்றாக அறுந்துபோகா.

வெளுப்பது ஏன்?

அவுரி நீலம் நீரில் கரையாது. ஆக்சிஜன் ஒடுக்க வினையால் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, அக்கரைசலில் நூலை நனைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மீண்டும் நீலமாகிறது. பல முறை நனைத்தாலும் சாயம் நூலின் மேற்பரப்பிலேயே தங்குகிறது. நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். மேற்பரப்பு தேயும்போது வெள்ளை தெரிகிறது. ஆகவே மிகவும் வெளுத்த இடம், மிகவும் உராய்ந்த இடம். முழங்காலும் இருக்கையும் பைக்கு ஆகா. முழங்காலுக்குக் கீழேயுள்ள பகுதியே வலுவானது.

தைக்கும் முறை

இரு கால்களின் உட்தையலையும் பிரித்து, முழங்காலுக்குக் கீழே வெட்டுங்கள். அகலமான இரண்டு துண்டுகள் கிடைக்கும். மடித்துத் தைத்த கீழ் விளிம்பே பையின் வாயாகட்டும். பாவு நூல்கள் மேலிருந்து கீழாக நின்று எடையைத் தாங்கும். இரு பக்கங்களையும் அடியையும் இரட்டைத் தையலாகத் தையுங்கள். இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசி தேவை. தடித்த மடிப்புகள் வரும்போது சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள்.

இடுப்புப் பட்டையைப் பிரித்து இரண்டாக வெட்டினால் கைப்பிடிகள் தயார். இழுத்தால் நீளும் ஜீன்ஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. பையில் 5 கிலோ அரிசி இருந்தால் அதன் எடை சுமார் 49 நியூட்டன். இரு கைப்பிடிகளுக்கு நான்கு முனைகள். ஒவ்வொன்றும் சுமார் 12 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். நடக்கும்போது பை குலுங்குவதால் இது இன்னும் கூடும். முனையை ஒரே வரியில் தைத்தால் விசை முழுவதும் அந்தச் சில தையல்களில் குவியும். 5 செ.மீ. அளவு உள்ளே இறக்கிச் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். விசை பரவலாகப் பகிரப்படும்.

உப்பும் ஈரமும்

பருத்தி இழை நனைந்தால் வலுக் குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்கிறது. அதன் பகை நீங்காத ஈரமே. செல்லுலோஸை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நைலான் வருமுன் மீனவர்கள் பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்தது இதைத் தடுக்கத்தான். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே ஏரி நீர் பட்ட பையை நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும்.

பை தயாரானதும் 5 லிட்டர் நீர் நிறைந்த கேனை வைத்து ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறகு நான்கு முனைகளையும் பாருங்கள். எந்தத் தையல் விரிந்திருக்கிறதோ, அங்கேதான் விசை குவிந்திருக்கிறது. அவ்விடத்தை மறுபடி தைத்த பிறகு பையைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம்.