குளியலறை ஈரலிப்பும் பிள்ளைகளின் இருமலும்

ஒஸ்லோவில் குளிர் தொடங்கியதும் நம்மவர் பலர் முதலில் செய்வது காற்றுத் துவாரங்களை அடைப்பதுதான். குளிர்காற்றுப் பட்டால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்ற பயமே காரணம். சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமிகள். துவாரத்தை அடைப்பதால் அவை போய்விடுவதில்லை. வீட்டின் ஈரலிப்புத்தான் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

குளித்ததும் கண்ணாடியிலும் சுவரிலும் நீர் படிவது ஏன்? 22 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 19 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் மட்டுமே தாங்கும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டதும் மிச்சம் நீராகிவிடுகிறது. அந்த ஈரம் காயாமல் இருந்தால் மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா கூடுதலாக இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்துச் சொல்கிறது.

ஊரில் கிணற்றடியில் குளித்தோம். ஈரத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டன. இங்கே அந்த வேலையைத் துவாரமும் விசிறியும் செய்கின்றன. மைனஸ் 10 பாகைக் காற்றில் 2 கிராமளவு நீராவியே இருக்கும். அந்த உலர்ந்த காற்று உள்ளே வந்து சூடாகும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும்.

நாம் செய்யக்கூடியவை:

- படுக்கையறை, வரவேற்பறைத் துவாரங்களைத் திறந்து வைப்போம். குளியலறைக் கதவின் கீழுள்ள இடைவெளியைக் கால்மிதியால் அடைக்க வேண்டாம். காற்று அதனூடாகத்தான் வருகிறது.
- குளிக்கும்போது கதவைச் சாத்தி, குளித்த பின்னும் விசிறியை ஓட விடுவோம். துவாரத்தில் படியும் தூசியை அடிக்கடி துடைப்போம்.
- சுவரிலும் நிலத்திலும் நிற்கும் நீரை ரப்பர்த் துடைப்பானால் வழித்துவிடுவோம். ஈரத் துவாய்களைக் குவித்து வைக்க வேண்டாம்.
- குளியலறையைக் குளிர விட வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்க நிலச்சூட்டை முழுதாக நிறுத்தினால் ஈரம் காயாது.
- யன்னலை நாள் முழுதும் சிறிதாகத் திறந்து வைப்பதைவிட, ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது நல்லது.
- குளோரினை வினாகிரியுடனோ வேறு அமிலத் திரவத்துடனோ ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சுவாயு உண்டாகும்.

இவ்வளவும் செய்தும் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்தால் சுவருக்குள் நீர் கசியக்கூடும். வீட்டு உரிமையாளருக்கோ வீட்டுக் கூட்டுறவு நிர்வாகத்துக்கோ படத்துடன் எழுத்தில் அறிவியுங்கள். பிள்ளைக்கு இரவு இருமலோ இழுப்போ கிழமைக்கணக்கில் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அப்போது வீட்டு ஈரலிப்பைப் பற்றியும் சொல்லுங்கள். நாம் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்க வேண்டாம்.