உஷார்! உங்கள் மருந்து டப்பாவே நாய்க்கு எமனாகலாம்

பாவம், காய்ச்சலடிக்கிறதே என்று, நீங்கள் போடும் பாரசிட்டமாலை உடைத்துத் தயிர்சாதத்தில் ஒளித்து நாய்க்கு வைக்கப் போகிறீர்களா? நில்லுங்கள். அதற்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். நல்ல ஆரோக்கியமான நாயின் உடம்புச் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கென்றால் காய்ச்சல், நாய்க்கு அது அன்றாடம். தொட்டுப் பார்த்துவிட்டு ‘கொதிக்குது’ என்று முடிவுகட்டும் கையை நம்பாதீர்கள்.

அடுத்தது அளவு. 5 கிலோ பொமரேனியனுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போனால், கிலோவுக்கு 130 மில்லிகிராம். 60 கிலோ மனிதர் அதே விகிதத்தில் விழுங்குவதென்றால் ஒரே வேளையில் 12 மாத்திரை! ஈரல் கெடும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பேறும். மூட்டு வலிக்கென்று வீட்டில் கிடக்கும் இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் இதைவிடப் பொல்லாதவை: வயிற்றுப் புண், ரத்த வாந்தி, சிறுநீரகச் செயலிழப்பு. கால் நொண்டுகிறதே என்ற பரிதாபத்தில்தான் இதைக் கொடுத்துத் தொலைக்கிறார்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் உஷார். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

எலி மருந்து விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. புரோமடையலோன் கலந்த எலி கேக்கைத் தின்ற நாய் அன்றைக்கு ஒன்றும் ஆகாததுபோல வாலாட்டும். மறுநாளும் அப்படித்தான். ரத்தம் உறையும் சக்தியை அந்த மருந்து மெதுவாக அரிப்பதால், சில நாள் கழித்துத்தான் மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்ட அந்த இரண்டு நாளில்தான் சுலபமாகக் காப்பாற்றியிருக்கலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. ஆனால் எதைத் தின்றது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே! கிழிந்த அட்டை, கவர் எது கிடைத்தாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

துத்தநாக பாஸ்பைடு போன்ற பாஸ்பைடு ரகங்கள் வேறு மாதிரி. வயிற்றிலுள்ள அமிலம் பட்டதும் விஷவாயுவாக மாறுபவை. விஷத்தை முறிக்கும் என்று பாலும் பிரெட்டும் ஊட்டினால் அமிலம்தான் இன்னும் சுரக்கும். வழியில் நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். கார் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியத்தை இன்றோடு மறந்துவிடுங்கள். அந்த உப்பே ரத்தத்தில் ஏறி வலிப்பை வரவழைக்கும். குடித்தது மண்ணெண்ணெயோ ஆசிட்டோ என்றால், மேலே வரும்போது இன்னொரு முறை சுட்டுக்கொண்டு வரும், நுரையீரலுக்குள்ளும் போகும். வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கத்திரி வெயிலில் பக், புல்டாக் வளர்ப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சப்பை மூக்குக்கு அதுவும் சரியாக முடியாது. நாக்கு அடர் சிவப்பாகி, எச்சில் கோழையாக வழிந்து, கால் தள்ளாடினால் தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிர்வித்த பிறகு, கொஞ்சம் தேறிவிட்டாலும்கூட, கிளினிக் போயே ஆக வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் கெட்டிருப்பது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்று மார்பு ஆழமான பெரிய நாய் ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை, வயிறு மத்தளம்போல விறைத்திருக்கிறது என்றால் அது அஜீரணம் இல்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஓம வாட்டர் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்றால் காலையில் நாய் இருக்காது. அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

தோட்டத்தில் பாம்பு கடித்ததா? கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆகவே பாம்பைத் துரத்தி அடித்து எடுத்துப் போகும் வீரமெல்லாம் வேண்டாம். ஆனால் அந்த மருந்து எல்லா நாய் கிளினிக்கிலும் இருக்காது. எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே போன் போட்டுக் கேட்டுவையுங்கள்.

அடிபட்ட நாய் உங்களையே கடிக்கும். பாசம் குறைந்து அல்ல, வலி. துப்பட்டாவை வாயைச் சுற்றிக் கட்டி, தாடைக்குக் கீழே ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. நாய் சும்மா இருக்கும் நாளிலேயே இதைப் பழக்குங்கள். வாந்தி எடுக்கும் நாய், மூச்சுத் திணறும் நாய், சப்பை மூக்கு நாய் என்றால் கட்டவே கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் டாக்டரைப் பாருங்கள். ‘நம்ம நாய்தானே’ என்று விடாதீர்கள்.

பஞ்சு, கட்டுத்துணி, பீட்டாடின், சலைன், டிஜிட்டல் தெர்மாமீட்டர் என்று முதலுதவி டப்பா நிரப்புவது சுலபம், கடைக்குப் போனால் கால் மணி நேரம். கஷ்டமான கேள்வி, ராத்திரி 2 மணிக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்பது. பல கிளினிக்குகள் இரவில் பூட்டிவிடுகின்றன. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவ வண்டி பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது. ரத்தம் சொட்டும் நாயை ஏற்ற எத்தனை ஆட்டோக்காரர் சம்மதிப்பார்? இரவில் பார்க்கும் இரண்டு இடங்களின் எண், வர ஒத்துக்கொண்ட ஓர் ஆட்டோ அண்ணனின் எண், இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். உங்கள் செல்போனில் மட்டும் இருந்தால், நீங்கள் வெளியூரில் இருக்கும் அன்று பாட்டி என்ன செய்வார்?

அதே தாளில் நாயின் எடையையும் எழுதுங்கள். போனில் டாக்டர் கேட்கப் போவது அதைத்தான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையை எழுத வேண்டியதில்லை.