மணிவிழாவுக்கு வருவோர்க்கு ஜாகை

திருக்கடையூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஹோமப்புகை எழுந்துவிடுகிறது. அமிர்தகடேசுவரர் திருக்கோயிலில் ஒரு தூணருகே அறுபது நிறைந்த தம்பதியர் அமர்ந்திருப்பர். அடுத்த தூணருகே சதாபிஷேகம் காணும் எண்பது வயதுத் தம்பதியர். ஜபம் நிறைவெய்தியதும் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்று, கலசநீரைச் சல்லடை வழியே பெரியவர்களின் தலையில் வார்ப்பர். மார்கழிக் குளிரானாலும் ஐப்பசி மழையானாலும் அந்த நீராட்டு உண்டு. அது முடிந்ததும் ஈரப்பட்டோடு நிற்கும் பெரியவரும் அம்மையாரும் உடை மாற்றிக்கொண்டு, திருமாங்கல்ய தாரணத்திற்கு விரைவில் திரும்பியாக வேண்டும். நடந்து செல்லும் தொலைவில் ஓர் அறை இருந்தால் எல்லாம் சுகமாக நடக்கும். இல்லையெனில் காரைத் தேடி, ஓட்டுநரைத் தேடி, ஈரத்தோடு தெருவில் நிற்க நேரும்.

மணிவிழா நடத்தும் குடும்பங்கள் சாஸ்திரிகளையும் சமையலையும் முதலில் ஏற்பாடு செய்கின்றன. தங்குமிடம் கடைசியாக நினைவுக்கு வருகிறது. முறை மாறியிருக்க வேண்டும் என்பது பலருக்கும் விழாவுக்கு முன்னிரவில்தான் தெரியவருகிறது.

மார்க்கண்டேயருக்காகக் காலனை உதைத்த வீரட்டத்தலம் இது. அதனால் ஆயுள் விருத்தி வேண்டிச் செய்யப்படும் சாந்திகள் அனைத்தும் இங்கே நடைபெறுகின்றன: அறுபது தொடங்கும்போது உக்ரரத சாந்தி, அறுபது நிறைந்ததும் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பது கடந்து ஆயிரம் பிறை கண்டவர்க்குச் சதாபிஷேகம். தருமபுரம் ஆதீனத்தின் அருளாட்சியில் உள்ள இத்தலம், 1991-இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகை மாவட்டத்தில் இருந்தது; 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும், திருக்கடையூரில் அறை நிறைந்துவிட்டால் மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள நாகப்பட்டினத்திற்கும்தான் உறவினர் இன்றும் செல்கின்றனர்.

பிள்ளைகளின் திருமணத்திற்கும் மணிவிழாவிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திருமணத்திற்கு முகூர்த்தங்கள் பல. மண்டபமும் விடுதியும் கிடைக்கும் நாளைத் தேர்ந்துகொள்ளலாம். மணிவிழாவின் நாளோ பிறந்த அன்றே குறிக்கப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிறந்த தமிழ் ஆண்டு மீண்டும் வரும்போது, அதே மாதத்தில் அதே நட்சத்திரம் கூடும் நாள் அது. 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டில் பிறந்தவர்களுக்கு, 2026 சித்திரையில் அதே பராபவ ஆண்டு திரும்பி வருகிறது. நாள் புதன்கிழமையாகவும் இருக்கலாம், ஆடி மாதமாகவும் இருக்கலாம். நகர்த்த இயலாத நாள் என்பது சிரமம்தான். ஆயினும் வெகு முன்னதாகவே தெரிந்துவிடும் நாள் என்பதால் அதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இருமுறை வருவதும் உண்டு. அப்போது எந்த நாள் என்பதைக் குடும்பச் சாஸ்திரிகளிடம் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே விடுதிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

விருந்தினருக்கு ஒதுக்கப்படும் இடத்தை நம் பெரியவர்கள் ஜாகை என்பர். மராட்டியத்திலும் உருதுவிலும் ‘இடம்’ எனப் பொருள்படும் சொல் இது. தஞ்சைத் தரணியில் ‘சம்பந்தி ஜாகை’ என்றாலே கல்யாண வீட்டார் நிமிர்ந்து உட்காருவர். நான்கு நாள் கல்யாணங்கள் நடந்த காலத்தில் அக்கிரகாரத்தின் பாதி வீடுகள் ஜாகையாகிவிடும். எதிர்வீட்டார் கூடத்தை ஒழித்துக் கொடுப்பர். அடுத்த வீட்டார் திண்ணையில் ஜமக்காளம் விரிப்பர். கிணற்றடியில் வெந்நீர்த் தவலை எரிந்துகொண்டே இருக்கும். விடியற்காலைக் காப்பி ஜாகைக்குப் போய்ச் சேரத் தாமதமானால் அதுவே பெரும் சண்டைக்கு வித்தாகும். ஊர் விட்டு ஊர் செல்வோர்க்குச் சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரமும், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் அவற்றுள் பெயர்பெற்றவை. உணவோடு, நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருந்தும் கவனிப்பும் தந்த அறச்சாலைகள் அவை. இன்றோ எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது; அதன் பிள்ளைகள் அயல்நாட்டில். எனவே லாட்ஜில் பத்து அறை, பதினைந்து அறை என்று மொத்தமாகப் பதிவு செய்வதே வழி என்றாகிவிட்டது.

வந்தவர்க்கு இடம் தருவது இந்த மண்ணின் அடியார்கள் வரலாற்றோடு கலந்த ஒன்று. திருக்கடையூரில் வாழ்ந்த குங்கிலியக் கலய நாயனார், மனைவியின் தாலியை விற்றுத் தூபத்திற்குக் குங்கிலியம் வாங்கியவர் என்பதை யாவரும் அறிவர். அவரே பிற்காலத்தில், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் ஒருசேரக் கடவூருக்கு எழுந்தருளியபோது, இருவரையும் அடியார் கூட்டத்தையும் எதிர்கொண்டு அழைத்துத் தம் மனையில் அமுது செய்வித்தார் என்பதையும் பெரியபுராணம் சொல்கிறது. நாகை மாவட்டத்துத் திருமருகலில், மணம் செய்துகொள்ளப் புறப்பட்டு வந்த வணிகனும் பெண்ணும் இரவு தங்கியது கோயிலை அடுத்த ஒரு மடத்தில்தான். அங்கே அரவம் தீண்டி வணிகன் இறக்க, அப்பெண்ணின் அழுகுரல் கேட்டுச் சம்பந்தர் பதிகம் பாடி அவனை உயிர்ப்பித்து, மணமும் முடித்து வைத்தார்.

அந்தச் சம்பந்தப் பெருமானின் திருமணம் நடந்த நல்லூர்ப் பெருமணம், கொள்ளிடத்தை அடுத்த இன்றைய ஆச்சாள்புரம். வைகாசி மூலத்தன்று அங்கே தோன்றிய சோதியில் மணமக்களோடு கலந்தவர்கள் யார் யார் என்று சேக்கிழார் விரிவாகக் கூறுகிறார். திருநீலநக்கர், முருகர் முதலிய நாயன்மாரும் பெற்றோரும் உறவினரும் மட்டுமல்லர், முத்துச் சிவிகையைத் தாங்கி வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சிவிகை சுமந்தவர் வெளியே காத்து நிற்கவில்லை.

மணிவிழா அறைப் பட்டியலைப் பார்த்தால் இந்த இடம்தான் உறுத்துகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவெல்லாம் வண்டி ஓட்டி வரும் ஓட்டுநர்களின் பெயர் பெரும்பாலான பட்டியல்களில் இருப்பதில்லை. அவர்கள் வேனின் இருக்கையிலேயே கொசுக்கடியில் சுருண்டு கிடந்து, மறுநாள் மதியம் விருந்துண்டபின் அதே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு முந்நூறு கி.மீ. திரும்ப ஓட்டுகின்றனர். அவர்களுக்கென்று ஓர் அறையில் நான்கு கட்டில் போட்டுத் தருவது தர்மம் மட்டுமன்று, வண்டியில் அமரும் பேரக்குழந்தைகளின் பாதுகாப்பும் ஆகும். சமையற்காரர்க்கும் நாதசுவரக் குழுவினர்க்கும் படுக்க இடம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அறைகளைப் பங்கிடும்போது பழைய வழக்கம் ஒன்று இன்னும் தொடர்கிறது. நல்ல அறை, குளிரூட்டிய அறை, கோயிலுக்கு அருகிலுள்ள அறை என்றால் அது சம்பந்திகளுக்கு. அவர்களுக்குச் செய்யும் மரியாதையில் குறை வைக்க வேண்டியதில்லை. ஆனால் மணிவிழாவின் பொருள் வேறு. தாலி கட்டியதும் அறுபது வயதுத் தம்பதியர் தம்மினும் மூத்தவர்களைத் தேடிச் சென்று வணங்குகின்றனர். அறுபது வயதில் ஒருவருக்கு வணங்குவதற்குக் கிடைக்கும் மூத்தோர் எத்தனை பேர்? எண்பத்தைந்து வயதுப் பெரியப்பா ஒருவர், தள்ளாத அத்தை ஒருவர், கைத்தடியோடு வரும் தாய்மாமன். அந்த ஆசிக்காகவே நடக்கும் விழாவில், அத்தையை மூன்றாம் மாடியில் தங்கவைத்து, காலையில் மின்சாரம் நின்று லிப்ட்டும் நின்றுபோக, அவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டால் யாரை நொந்துகொள்வது? பட்டியலின் தலைப்பில் மூத்தவரின் பெயரை எழுதி, அவருக்குக் கீழ்த்தள அறையை ஒதுக்கிய பிறகே மற்றவர்களுக்கு வர வேண்டும். இதைச் சம்பந்தி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் மனமுவந்து ஏற்பர். அவர்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருப்பார்.

முதியோர்க்கு வேண்டுவன மிகச் சில. உட்கார்ந்தெழ வசதியான வெஸ்டர்ன் டாய்லெட், குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் அணையாத ஒரு சிறு விளக்கு, அதிகாலையில் வெந்நீர். இவை உள்ளனவா என்பதைத் தொலைபேசியில் கேட்டால் எல்லா விடுதியிலும் ‘உண்டு’ என்ற விடையே வரும். உறவினரில் ஒருவர் நேரில் சென்று குழாயைத் திறந்து பார்த்து வருவது உத்தமம்.

வாடகை நாள் கணக்கிடும் முறை விடுதிக்கு விடுதி மாறும். சில இடங்களில் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். வேறு சில இடங்களில் நண்பகலுக்கு நண்பகல். இரவு ரயிலில் மயிலாடுதுறைச் சந்திப்பில் விடியுமுன் வந்திறங்கும் முதியவர், நண்பகல்வரை வரவேற்பறை நாற்காலியில் காத்திருக்கலாகாது. விழாவுக்கு முன்தினக் காலையிலிருந்தே இரண்டு அறைகளையேனும் எடுத்து வைத்தால் கூடுதல் வாடகை ஆகும்தான். அந்தச் செலவை வேறெதிலாவது குறைத்துக்கொள்ளலாம். மேடை அலங்காரத்தில் குறைத்தால் அம்பிகை கோபிக்கமாட்டாள். முன்பணம் கொடுக்கும்போது அறைகளின் எண்ணிக்கை, தளம், வாடகை, தேவைப்படாத அறைகளை எந்தத் தேதிக்குள் திருப்பித் தந்தால் பணம் பிடிக்கப்படாது என்பன ரசீதிலேயே எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சு பின்னர் மனத்தாங்கலில்தான் முடிகிறது.

நாகைக் கடலோரத்தில் அறை கிடைப்பது ஊரின் திருவிழாக்களைப் பொறுத்தது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிப் பெருவிழா. அந்நாட்களில் நாகப்பட்டினம்வரை விடுதிகள் நிரம்பி வழியும். நாகூர்க் கந்தூரி, இஸ்லாமிய நாட்காட்டியின்படி ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து வருவதால் அதன் தேதியைத் தனியே பார்க்க வேண்டும். சனிப்பெயர்ச்சியையொட்டித் திருநள்ளாற்றில் திரளும் கூட்டம் காரைக்காலை நிரப்பிவிடும். திருக்கடையூரிலேயே கார்த்திகைச் சோமவாரச் சங்காபிஷேகமும் தை அமாவாசையும் பெருங்கூட்டம் காணும் நாட்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நட்சத்திரம் வருபவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை டெல்டா மக்கள் மறக்கவில்லை. பல நாள் மின்சாரமின்றி ஊர்கள் இருண்டு கிடந்தன. அம்மாதங்களில் ஜெனரேட்டர் உள்ள விடுதியையே நாட வேண்டும். மூத்தவர்களை இரண்டு நாள் முன்னதாக வரவழைத்துவிடுவதும் நல்லது.

எல்லோர்க்கும் திருக்கடையூரிலேயே இடம் கிடைக்காதபோது, தொலைவிலுள்ள அறைகளை இளையவர்களுக்கு அளிக்கலாம். நாகையில் தங்க நேர்ந்தவர்க்கு அது தண்டனையும் அன்று. காயாரோகணேசுவரரும் நீலாயதாட்சி அம்மையும், திவ்யதேசத்துச் சௌந்தரராஜப் பெருமாளும் ஊருக்குள்ளேயே எழுந்தருளியிருக்கின்றனர். சிக்கல் சிங்காரவேலர் சிறிது தொலைவில். விழாவுக்கு முதல்நாள் மாலையைத் தரிசனத்தில் கழித்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் ஏறிக்கொள்ளும் தெம்பு அந்த வயதில் உண்டு.

விழா முடிந்த பிற்பகலில் எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் காலி செய்யும் பரபரப்பு எழும். யாரிடம் எந்தச் சாவி என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் ஒருவர் அப்போது இருந்தாக வேண்டும். மருமகன்களில் பொறுமைசாலி எவரோ அவருக்கே இப்பணி ஏற்றது. அவர் அறை அறையாகச் சென்று தலையணைக்கடியிலும் குளியலறை மாடத்திலும் பார்த்து வருவார். மூக்குக் கண்ணாடி ஒன்று, இரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று, டம்ளர் நீரில் ஊறும் பல்செட்டு ஒன்று நிச்சயம் கிடைக்கும். கீழ்த்தளத்து அறையை மட்டும் அவர் தட்டமாட்டார். அங்கே அத்தை உண்ட களைப்பில் உறங்கிக்கொண்டிருப்பார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் அபிராமியை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் புறப்படுவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்.