பிளின்ட் குடிநீர் நெருக்கடி

பிளின்ட் குடிநீர் நெருக்கடி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய குடிநீர் மாசடைவு ஆகும். அப்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த இந்நகரின் குழாய் நீரில் ஈயம் கலந்தது. (இங்கு ஈயம் என்பது காரீயம், பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயம் வேறு தனிமம்.) இந்த ஈயம் ஆற்றிலிருந்து வரவில்லை, வீடுகளுக்கு நீர் கொண்டுசென்ற குழாய்களிலிருந்தே வந்தது.

பின்னணி

பிளின்ட் நகரம் பல பத்தாண்டுகளாக ஹியூரான் ஏரியின் நீரை டிட்ராயிட் நகரிடமிருந்து விலைக்கு வாங்கி வந்தது. நிதி நெருக்கடி காரணமாக, நகர நிருவாகம் மாநில அரசு அமர்த்திய அவசரகால மேலாளரிடம் இருந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு, புதிய குழாய்த்திட்டம் முடியும்வரை பிளின்ட் ஆற்று நீரைப் பயன்படுத்த முடிவு செய்யப்பட்டது. ஏப்ரல் 25, 2014 அன்று இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

ஈயம் கலந்த விதம்

டிட்ராயிட் நீரில் ஆர்த்தோபாசுபேட்டு சேர்க்கப்பட்டு வந்தது. இது ஈயத்துடன் வினைபுரிந்து, எளிதில் கரையாத மெல்லிய படலத்தைக் குழாயின் உட்புறத்தில் உருவாக்கும். ஈயக் குழாய் ஓரளவு பாதுகாப்பாக இருப்பது இப்படலத்தால்தான். ஆற்று நீரில் அரிப்பைத் தூண்டும் குளோரைடு மிகுதி. எனினும் அதில் பாசுபேட்டு சேர்க்கப்படவில்லை. படலம் சிதைந்து, ஈயம் கரைந்தும் துகள்களாக உதிர்ந்தும் நீரில் கலந்தது.

அதே ஆண்டு நீரில் பாக்டீரியாக்கள் காணப்பட்டதால், கொதிக்கவைத்துப் பருகுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். கொதிக்கவைப்பதால் கிருமிகள் அழியும், ஈயம் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். அக்டோபர் 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இயந்திர பாகங்கள் துருப்பிடிப்பதாகக் கூறித் தனது தொழிற்சாலையில் இந்நீரைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இருந்திருக்க முடியாது. ஆயினும் மக்களுக்கு மேலும் ஓராண்டு அதே நீரே வழங்கப்பட்டது.

அளவீடும் கண்டறிதலும்

அப்போதைய விதியின்படி, சோதிக்கப்படும் வீடுகளில் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்கவேண்டும். ஆனால், மாதிரி எடுப்பதற்கு முன்னர் குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிடுமாறு குடியிருப்போரிடம் கூறப்பட்டிருந்தது. குழாயில் தேங்கி ஈயம் ஏறிய நீர் இதனால் வெளியேறிவிடும். அளவு குறைவாகத் தெரியும். 2015இல் இரண்டு மாதிரிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதும் முடிவு வரம்புக்குள் வந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் வெளியார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்சின் குழு, வீடுகளில் நீரைச் சோதித்தது. செப்டம்பர் 2015இல் குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிசா, இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்ததை வெளியிட்டார். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதற்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை.

பின்விளைவுகள்

அக்டோபர் 16, 2015 அன்று நகரம் டிட்ராயிட் நீருக்குத் திரும்பியது. சிதைந்த படலம் மீண்டும் உருவாகக் காலம் பிடித்ததால், வீடுகளுக்கு வடிகட்டிகளும் புட்டி நீரும் வழங்கப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்கான 62.6 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டை நவம்பர் 2021இல் நீதிமன்றம் ஏற்றது. ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்களை மாற்றும் பணி 2025இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது.