‘மலிவு வீடு’ எத்தனை? எழுத்தில் கேளுங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வரிக் கணக்குப் பற்றிய எனது பேச்சு முடிந்து ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தேன். எனக்கொரு தொலைபேசி அழைப்புக் காத்திருந்தது. அழைத்தவர் நமது பழைய நேயர், அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு அக்கா. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார்.

“தம்பி, வரியைப் பற்றியில்லை. எங்கடை பிளாட்டுகளை இடிச்சுக் கட்டப் போறாங்களாம். எங்களை எழுப்பிப் போடுவாங்களோ?” என்று கேட்டார்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் எழும்பி, கைதடிப் பாலத்தால் நடந்து போனவர் அவர். ‘எழுப்புறது’ என்பது அவருக்கு வெறும் சொல் அல்ல.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அலுமாரி லாச்சியில் ஏழு கடிதங்கள் இருந்தன. நான்கு இன்னும் பிரிக்கப்படவில்லை. விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டாராம். ஒன்று, திட்டப் படங்களைக் காட்டும் கண்காட்சிக்கு அழைப்பு. அந்தத் திகதி எப்போதோ போய்விட்டது. இன்னொன்று, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கும் படிவம். கடைசியாக வந்ததில் கருத்துச் சொல்ல இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் எனது வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்ப இருக்கிறது என்று அறிவித்தல் வந்தது. பிறகு பார்ப்போம் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். ஊருக்கெல்லாம் காலக்கெடு சொல்லும் கணக்காளன், தனது காலக்கெடுவைத் தவறவிட்டான். இன்று எங்கள் குசினிக்குப் பின்னேர வெயில் வருவதில்லை. ஆகவேதான் இந்த மாதம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலையைச் செய்பவர்கள் யார்?

இந்த நாட்டில் காணியை எதற்குப் பயன்படுத்தலாம், அதில் என்ன கட்டலாம் என்ற சட்டத்துக்கென்றே தனியான சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கட்டட நிறுவனங்களுக்காக வேலை செய்வார்கள், சிலர் கவுன்சில்களுக்காக, மிகச் சிலர் குடியிருப்பாளர்களுக்காக. அவர்களுடைய வேலையில் இரண்டு பகுதிகள் நம்மை நேரடியாகத் தொடுகின்றன. முதலாவது, அயலாரிடம் முறைப்படி கருத்துக் கேட்கப்பட்டதா என்று பார்ப்பது. இரண்டாவது, ‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ எனப்படும் மலிவு வீடுகள் எத்தனை என்று ஒப்பந்தம் எழுதுவது.

கருத்துக் கேட்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. தேசவழமைச் சட்டத்தின்படி பங்குக் காணியை வெளியாருக்கு விற்பதென்றால், முதலில் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் வந்தும் பேசாமல் இருந்தவர் பிறகு உரிமை கோருவது கடினம். இங்கேயும் அதே புத்திதான். ஒரு திட்டமிடல் விண்ணப்பம் வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும் என்பது விதி. கருத்துச் சொல்லப் பிரித்தானியப் பிரசையாக இருக்கத் தேவையில்லை. வீட்டுச் சொந்தக்காரராக இருக்கவும் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும், விசாவில் இருப்பவரும் எழுதலாம்.

கை உயர்த்திய பிறகும் கதை முடிவதில்லை

“கவுன்சில் கூட்டத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பிளவ் லேனில் உள்ள ஏஎஃப்சி விம்பிள்டன் உதைபந்தாட்ட மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாய்ப் பந்தய மைதானத்தில் விளையாட்டரங்கும் 600 வரையான வீடுகளும் கட்டும் திட்டத்துக்கு மேர்ட்டன் கவுன்சில் குழு 2015 டிசம்பரில் சம்மதித்தது. 2016இல் ஒரு மேயர் அதைத் தன் கையில் எடுத்தார். அடுத்து வந்த மேயர் கவுன்சிலிடமே திருப்பிக் கொடுத்தார். சட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகி முழு அனுமதி வந்தது 2017 டிசம்பரில். முதல் ஆட்டம் 2020 நவம்பரில் நடந்தது.

அந்த இரண்டு வருடத்தில் பெரும் பங்கு சட்டத்தரணிகளின் மேசையில் கழிந்தது. அங்கே எழுதப்படுவதுதான் ‘செக்‌ஷன் 106’ ஒப்பந்தம். 1990ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எத்தனை மலிவு வீடு, எந்த வகை, எப்போது கட்டி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊரில் காணி உறுதியில் எழுதிய நிபந்தனையைப் போல அது காணியோடு ஒட்டிக்கொள்ளும். நிறுவனம் காணியை விற்றால், வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். கண்காட்சியில் அழகான படத்தோடு சொல்லப்பட்டது இந்த ஒப்பந்தத்திலோ அனுமதியின் நிபந்தனைகளிலோ இல்லை என்றால், அது வெறும் வாக்குறுதிதான்.

‘மலிவு’ என்றால் யாருக்கு மலிவு?

ஒரே சொல்லின் கீழ் பல வகை வீடுகள் வருகின்றன. முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

சோஷல் ரென்ற்: உள்ளூர்ச் சம்பளத்தையும் வீட்டுப் பெறுமதியையும் வைத்து அரசின் சூத்திரப்படி கணிக்கப்படும் வாடகை. மூன்றிலும் குறைந்தது இதுதான்.

அஃபோர்டபிள் ரென்ற்: 2011இல் வந்தது. சந்தை வாடகையின் 80 வீதம் வரை இருக்கலாம். சந்தை வாடகை 2,000 பவுண் என்றால் 1,600 வரை போகலாம்.

ஷெயார்ட் ஓனர்ஷிப்: வீட்டில் ஒரு பங்கை வாங்கி, மீதிப் பங்குக்கு வாடகை கட்டுவது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் பொதுவாக முழுவதும் உங்கள் தலையில். லண்டனில் வருடம் 90,000 பவுண் வரை குடும்ப வருமானம் உள்ளவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இரவில் கந்தோர் துப்புரவாக்கும் தாய்க்கும் 90,000 உழைக்கும் தம்பதிக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறார்கள். ஆகவே “35 வீதம் மலிவு வீடு” என்று துண்டுப் பிரசுரத்தில் கண்டால் அங்கே நின்றுவிடாதீர்கள். அதில் சோஷல் ரென்ற் எத்தனை என்று கேளுங்கள்.

இது கணக்காளனின் பகுதி

2021இன் லண்டன் திட்டத்தின்படி, பொதுவாக 35 வீதமும், அரச காணியென்றால் 50 வீதமும் மலிவு வீடு கொடுக்க முன்வந்தால் விண்ணப்பம் விரைவான வழியில் போகலாம். வீடு கட்டுவது மிகவும் குறைந்துவிட்டதால், தற்காலிகமாக 20 வீதத்துக்கும் ஒரு வழி திறப்பதாக 2025 ஒக்டோபரில் அரசும் மேயரும் அறிவித்தார்கள். அந்த அளவைக் கொடுக்க முடியாது என்று சொல்பவர் தன் கணக்கைக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ‘வயபிலிற்றி’ அறிக்கை.

அதன் உள்ளடக்கம் ஒரு கழித்தல் கணக்குத்தான். எடுத்துக்காட்டாக 100 வீடுகள், ஒன்று 5 இலட்சம் பவுண். மொத்த விற்பனை 50 மில்லியன். கட்டுமானச் செலவு 30, வட்டியும் கட்டணங்களும் 6, கட்டுபவரின் இலாபம் 9. மிச்சம் 5 மில்லியன், அது காணிக்கு. காணியின் நியாயமான பெறுமதியும் 5 மில்லியன் என்றால், மலிவு வீட்டுக்கு எதுவும் இல்லை என்று அறிக்கை முடிந்துவிடும். ஆனால் விற்பனை விலையை வெறும் 5 வீதம் குறைத்துப் போட்டிருந்தால்? அங்கேயே இரண்டரை மில்லியன் மறைந்துவிடுகிறது. கணக்குப் பிழையில்லாமலே விடையை மாற்றலாம். இதை என் தொழிலில் உள்ளவர்கள் நன்றாக அறிவார்கள்.

முன்பு இந்த அறிக்கைகளை வியாபார இரகசியம் என்று மூடி வைத்தார்கள். கிரீனிச் குடாவில் ஒரு பகுதியில் மலிவு வீடு முற்றாக இல்லாமல் போனபோது, அங்கே வசித்த ஒருவர் தனியாளாக அந்தக் கணக்கைக் கேட்டார். 2015 யனவரியில் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று இவை பொதுவாகப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டியவை.

இஸ்லிங்டன் வழக்கு இன்னொன்று. பார்க்ஹேர்ஸ்ட் வீதியில் இராணுவத்துக்குச் சொந்தமாக இருந்த காணியை ஒரு நிறுவனம் 2013இல் 13.25 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. இவ்வளவு விலை கொடுத்ததால் கவுன்சில் கேட்கும் அளவு மலிவு வீடு கட்ட முடியாது என்று வாதாடியது. மலிவு வீடு கட்ட வேண்டும் என்ற விதியை யோசிக்காமல் கொடுத்த விலையை வைத்தே அந்த விதியை உடைக்கப் பார்ப்பது என்ன நியாயம் என்று கவுன்சில் கேட்டது. 2018இல் உயர் நீதிமன்றத்தில் கவுன்சில் வென்றது.

நமது அயலில் ஹை பாத்

கணபதி கோயிலுக்குப் போகும் பலரும் சவுத் விம்பிள்டன் நிலையத்தில் இறங்குகிறீர்கள். அதற்குப் பக்கத்தில்தான் ஹை பாத் எஸ்டேட். நெல்சன் பிரபு 1801இல் வாங்கிய வளவின் ஒரு பகுதி அது. 600 வரையான வீடுகள். 2010இல் மேர்ட்டன் கவுன்சில் தனது வீடுகளை வீடமைப்புச் சங்கம் ஒன்றுக்கு மாற்றியது. இணைப்புகளுக்குப் பிறகு அது இன்று கிளாரியன். ஹை பாத், மிச்சமில் ஈஸ்ட்ஃபீல்ட்ஸ், மோர்டனில் ரேவன்ஸ்பெரி ஆகிய மூன்றையும் புதிதாகக் கட்டும் திட்டம் படிப்படியாக வந்தது. குடியிருப்பாளர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற எழுத்து மூலமான உறுதிமொழி 2015இல்; கவுன்சிலின் எஸ்டேட் திட்டம் 2018 பெப்ரவரியில்; பொதுவான அனுமதி 2019இல்; அதன்பின் பகுதி பகுதியாக விபரங்கள்.

கிரேன் வந்து நிற்கும்போதுதான் நமது சனம் விசாரிக்கத் தொடங்குகிறது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும்.

2018 யூலையில் லண்டன் மேயர் ஒரு விதி கொண்டுவந்தார். மேயரின் நிதி பெற்று, சோஷல் வீடுகளை இடித்து, 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் புதிதாகக் கட்டும் திட்டமென்றால் குடியிருப்பாளரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 16 வயது நிரம்பிய சோஷல் வீட்டு வாடகைதாரரும், ஒரு வருடமாவது அங்கே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரும், அங்கே வசித்துக்கொண்டு ஒரு வருடமாவது கவுன்சில் வீட்டுப் பட்டியலில் இருப்பவரும் வாக்களிக்கலாம். வாடகைப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனைவிக்கு வாக்கு இல்லாமல் போகலாம். இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

நமது குரலைக் கேட்பார்களா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2010ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. ஹரிங்கேயில் வார்ட்ஸ் கோர்னர் என்ற சந்தைக் கட்டடத்தை இடிக்கக் கவுன்சில் அனுமதி கொடுத்தது. அங்கே கடை வைத்திருந்தவர்களில் பலர் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். சிறுபான்மை இனத்தவரை இது எப்படிப் பாதிக்கும் என்று சட்டப்படி சரியாக யோசிக்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. பிறகு புதிய அனுமதி கொடுக்கப்பட்டாலும், போராட்டம் தொடர்ந்தது. 2021இல் கட்டட நிறுவனம் விலகிக்கொண்டது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. விண்ணப்ப எண்ணையும் கடைசித் திகதியையும் கலண்டரில் எழுதி ஒட்டுங்கள்.

2. “என் வீட்டு விலை குறையும்”, “என் ஜன்னலில் தெரியும் காட்சி போய்விடும்” என்பவை கணக்கில் எடுக்கப்படா. வெளிச்சம், சத்தம், போக்குவரத்து, குடும்பங்களுக்குப் போதிய அறைகள், மலிவு வீட்டின் அளவு என்பவை எடுக்கப்படும்.

3. மூன்று கேள்வி: சோஷல் ரென்ற் வீடு எத்தனை? எப்போது கட்டி முடியும்? ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

4. பத்துப் பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதை விட, பத்துப் பேரும் தங்கள் நிலைமையைச் சொல்லித் தனித்தனியாக எழுதுவது நல்லது. உங்கள் கடிதம் பகிரங்கமாக வைக்கப்படலாம். ஆகவே நோய் விபரம், குடும்ப விபரம் அளவோடு இருக்கட்டும்.

5. வீட்டை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் தாமதிக்காமல் சட்ட ஆலோசனை பெறுங்கள். நமது பகுதியில் தென்மேற்கு லண்டன் சட்ட மையங்கள் போன்ற இலவச உதவிகள் உண்டு.

இனி அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். ஒன்பது நாளில் ஏழாவது நாள் கடிதம் போனது. அவர் தமிழில் சொன்னார், நான் எழுதினேன், அவரே கையெழுத்திட்டார். அந்த மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தோம். ஐந்து கிழமைக்குப் பிறகு இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதை மறுபடி கேட்டு எழுதியிருக்கிறோம். வீட்டுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தாயிற்று. கூட இருக்கும் மகனும் பேரப்பிள்ளையும் இப்போது பதிவில் இருக்கிறார்கள். கட்டடம் எப்போது இடிபடும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் இப்போது கடிதம் வந்தால் அன்றைக்கே பிரிக்கிறார்.

போன கிழமை அழைத்துச் சொன்னார்: “தம்பி, அண்டைக்கு எழும்பேக்கை ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. இஞ்சை கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறாங்கள். நான்தான் லாச்சிக்குள்ளை வைச்சிட்டன்.”

உங்கள் லாச்சியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாசிக்கக் கடினமாக இருந்தால் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் பேச்சு முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன்.