பாட்டிக்குப் பின்னால் பூந்தோட்டம்!

உங்கள் வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். முகங்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆனால், பின்னால்? கொடியில் காயும் துண்டு, சுவரில் சாய்த்து வைத்த துடைப்பம், பாதி தெரியும் காஸ் சிலிண்டர்... 'அடடா, இதெல்லாம் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று தோன்றுகிறதா?

கவலையை விடுங்கள்! நீங்களே கம்ப்யூட்டரில் ஒரு டிசைன் வரைந்து, அதை போட்டோவுக்குப் பின்னால் திரை போலத் தொங்க விடலாம்.

இது ஒன்றும் புது ஆசை இல்லை. அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்களில், பெரிய துணியில் மாளிகை, தூண், பூந்தோட்டம் என்று ஓவியம் வரைந்து தொங்க விட்டிருப்பார்கள். அதன் முன்னால் நிற்க வைத்து ஒரு 'கிளிக்'! தாத்தா, பாட்டியின் பழைய போட்டோக்களில் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு திரை கிடைத்தாலும் கிடைக்கும். அந்தத் திரையை வரைய ஓர் ஓவியர் வேண்டும். நமக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும்.

ஒரே ஒரு கட்டம்!

4க்கு 6 அங்குல போட்டோவை நன்றாக பிரின்ட் போட, அகலத்தில் 1,200 புள்ளிகளும் உயரத்தில் 1,800 புள்ளிகளும் வேண்டும். இந்தப் புள்ளிகளுக்கு பிக்சல் என்று பெயர். அவ்வளவு இடத்திலும் பூவாக வரைந்து தள்ளினால் கை வலிக்குமே!

தேவையே இல்லை. 200க்கு 200 பிக்சலில் ஒரே ஒரு சின்னக் கட்டம் வரையுங்கள். அகலத்தில் 6, உயரத்தில் 9 என்று அடுக்கினால் மொத்தம் 54 கட்டங்கள். தரையில் டைல்ஸ் ஒட்டுவது போல, கம்ப்யூட்டர் ஒரு நொடியில் அடுக்கிவிடும்.

ஆனால், ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டத்தின் வலது ஓரத்தில் பாதியில் நிற்கும் இலை, அடுத்த கட்டத்தின் இடது ஓரத்தில் தொடர வேண்டும். இல்லையென்றால், ஜன்னல் கம்பி போலக் கோடு கோடாகத் தெரியும். பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓரங்கள் பொருந்தாவிட்டால் டிசைன் அவ்வளவுதான்! இதைச் சரிசெய்ய ஒரு மந்திரம் இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

செய்து பார்ப்போமா?

'கிம்ப்' என்ற சாஃப்ட்வேரை இலவசமாகவே டவுன்லோட் செய்யலாம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கல்லூரி மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இருவர் 1995ல் தொடங்கிய வேலை இது. அப்பா, அம்மாவிடம் சொல்லி கம்ப்யூட்டரில் போட்டுக் கொள்ளுங்கள்.

1. 'ஃபைல்' மெனுவில் 'நியூ' கொடுத்து, 200க்கு 200 அளவில் ஒரு படம் திறங்கள். இளம் மஞ்சள், வெளிர் பச்சை போன்ற லேசான நிறத்தால் நிரப்புங்கள்.

2. நடுவில் பிரஷ்ஷால் ஒரு பூ வரையுங்கள். ஓரங்களைத் தொடக் கூடாது.

3. இப்போதுதான் அந்த மந்திரம்! 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்ஃபார்ம்', அதற்குள் 'ஆஃப்செட்' இருக்கும். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தச் சொல்லுங்கள். 'ராப் அரவுண்ட்' என்பதைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். அடடே! நடுவில் இருந்த பூ நான்கு துண்டாகி, நான்கு மூலைகளுக்குப் போய்விட்டதா? பயப்படாதீர்கள். கட்டங்களை அடுக்கும்போது அந்தத் துண்டுகள் சேர்ந்து மறுபடியும் முழுப் பூ ஆகிவிடும்.

4. நடுவில் இப்போது காலி இடம். அங்கே ஒரு இலையோ, மொட்டோ வரையுங்கள். கட்டம் தயார்! 'செலக்ட் ஆல்' கொடுத்து 'காப்பி' செய்யுங்கள். 'பேட்டர்ன்ஸ்' பட்டியலில் முதல் ஆளாக உங்கள் கட்டம் வந்து நிற்கும். அதைத் தேர்வு செய்யுங்கள்.

5. அடுத்து, போட்டோவைத் திறங்கள். 'லேயர்' மெனுவின் 'டிரான்ஸ்பரன்சி'யில் 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுங்கள். 'ஃப்ரீ செலக்ட்' கருவியால் ஆளைச் சுற்றிப் பொறுமையாகக் கோடு போடுங்கள். தலைமுடி அருகே நிதானம் தேவை! பிறகு 'செலக்ட்' மெனுவில் 'இன்வர்ட்' கொடுத்து, டெலிட் பட்டனைத் தட்டினால், பின்னால் இருப்பது மட்டும் மறைந்துவிடும்.

6. 'செலக்ட்' மெனுவில் 'நன்' கொடுங்கள். புது லேயர் ஒன்றைச் சேர்த்து, 'எடிட்' மெனுவில் 'ஃபில் வித் பேட்டர்ன்' கொடுங்கள். அந்த லேயரை இழுத்து, போட்டோவுக்குக் கீழே விடுங்கள். ஆஹா, திரை தொங்கிவிட்டது!

பூவா, பாட்டியா?

நான் முதன்முதலில் இப்படிச் செய்தது என் பாட்டியின் பிறந்த நாள் போட்டோவில்தான். முகத்தின் அளவுக்குப் பெரிய பூக்கள். அதுவும் ரத்தச் சிவப்பில்! பெருமையோடு பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "பூ தெரியுது, இலை தெரியுது. நான் எங்கடா இருக்கேன்?" என்றாரே பார்க்கலாம்!

அன்று கற்ற பாடங்கள் இவை. பூ, முகத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும். நிறம், உடையை விட லேசாக இருக்க வேண்டும். பூப்போட்ட புடவை என்றால், பின்னால் வெறும் புள்ளிகள் போதும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். முதலில் முகம் தெரிந்தால் பாஸ்! பூ தெரிந்தால் மறுபடியும் உட்காருங்கள்.

கோலத்திலும் கணக்கு!

திரும்பத் திரும்ப வரும் டிசைன் நமக்குப் புதிதா என்ன? வாசலில் புள்ளி வைத்து, ஒரே வளைவைச் சுற்றிச் சுற்றிப் போடும் கோலமும் அதே வேலைதானே! கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர், கோலங்களைச் சில விதிகளுக்குள் எப்படி அடக்கலாம் என்று 1974ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

இன்னொரு ஆச்சரியம். சுவர் முழுக்க நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் டிசைன்களில், வடிவத்தைத் திருப்பியும் புரட்டியும் நகர்த்தியும் அடுக்கும் முறைகள் மொத்தம் 17 தான். ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் இதை 1891லேயே நிரூபித்துவிட்டார். பூவை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம். ஆனால், 18வது முறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது!

மறக்கவே கூடாத ஒன்று

பாட்டி படத்தின் கதை இன்னும் முடியவில்லை. பூவைச் சின்னதாக்கி, நிறத்தைக் குறைத்து, அழகாக முடித்தேன். பாட்டிக்கும் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பழைய போட்டோவின் பெயரிலேயே 'சேவ்' கொடுத்துவிட்டேன். பழைய படம் போயே போச்சு!

'போனால் என்ன, துணி காயும் கொடிதானே' என்று நினைத்தேன். சில வருடங்கள் கழித்து, வீட்டை இடித்துக் கட்டினார்கள். கொல்லையில் இருந்த வேப்ப மரத்தையும் வெட்டிவிட்டார்கள். ஒருநாள் பாட்டி கேட்டார். "என் பிறந்த நாள் போட்டோவுல பின்னாடி நம்ம வேப்ப மரம் இருக்குமே, அதைக் கொஞ்சம் காட்டேன்." அந்தத் துணிக் கொடியைக் கட்டியிருந்ததே அந்த மரத்தில்தான். என்னிடம் இருந்ததோ, மஞ்சள் பூக்கள் மட்டும்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் குட்டீஸ், வேலையைத் தொடங்கும் முன்பே போட்டோவை ஒரு காப்பி எடுத்து, வேறு ஃபோல்டரில் பத்திரப்படுத்துங்கள். முடித்ததும் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, புதுப் பெயரில் சேமியுங்கள். இன்று நமக்குக் குப்பையாகத் தெரியும் பின்னணி, நாளைக்கு வீட்டில் யாரோ ஒருவர் தேடும் பொக்கிஷமாக இருக்கலாம்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் பின்னால் பூந்தோட்டம் போடப் போகிறீர்கள்? முதலில் அவரிடம், 'உங்க போட்டோவை எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டுவிடுங்கள். பிறகு என்ன, ஜமாயுங்கள்!